மாற்றுக் கட்சிக்காரரோடு சாவகாசமாகப் பேசினால்: எது எடுபடும், எது எடுபடாது

தேர்தல் பிரசாரத்தில் பணத்தையும் உழைப்பையும் கொட்டுபவர்களுக்குக் கசக்கிற ஒரு கணக்கு உண்டு. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் 49 களப் பரிசோதனைகளைத் திரட்டி 2018-இல் அதை வெளியிட்டார்கள். வீடு தேடிப் போவது, போன் போடுவது, கடிதம் அனுப்புவது, விளம்பரம் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். பொதுத் தேர்தலில் "எங்கள் ஆளுக்குப் போடுங்கள்" என்று கேட்பதால் வாக்காளரின் தேர்வு சராசரியாக எவ்வளவு மாறுகிறது? அவர்களின் மதிப்பீடு பூஜ்யம். தேர்தலுக்கு வெகு முன்பே பேசி, சூட்டோடு சூடாக அளந்தால் கொஞ்சம் அசைவு தெரிகிறது. வாக்குப்பதிவு நாள் வருவதற்குள் அதுவும் கரைந்துவிடுகிறது.

இதே இருவர்தான் 2016-இல் இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு முடிவையும் வெளியிட்டிருந்தார்கள். மயாமியில் 56 பேர் வீடு வீடாகப் போய், கதவைத் திறந்தவர்களோடு சுமார் 10 நிமிடம் பேசினார்கள். பேச்சு திருநர்களைப் பற்றியது. ஆய்வில் கணக்கில் வந்த வாக்காளர்கள் 501 பேர். 0 முதல் 100 வரையிலான அளவுகோலில், திருநர்கள்மீது அவர்களுக்கு இருந்த நல்லெண்ணம் ஏறக்குறைய 10 புள்ளி கூடியது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் இருந்தது.

இரண்டுமே வீட்டு வாசலில் நின்று பேசிய பேச்சுதான். ஆனால் பின்னதில் வந்தவர் பேசியது குறைவு, வீட்டுக்காரர் பேசியது அதிகம். அரசியலில் எதிர்ப்பக்கம் நிற்கும் உறவினரோடோ, நண்பரோடோ, உடன் வேலை செய்பவரோடோ பேச நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய விஷயம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது

2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 'எட்டாவது முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. தோற்ற தரப்பில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் அமைப்பு ஒன்று, டேவ் ஃபிளைஷர் என்பவரின் வழிகாட்டலில், தங்களுக்கு எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே ஆட்களை அனுப்பியது. "ஏன் அப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்கத்தான் போனார்கள். பேசிப் பேசி, அந்தப் பேச்சுகளின் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, எடுபடாததை வெட்டி, சில ஆண்டுகளில் ஒரு முறையை வடித்தெடுத்தார்கள். 'டீப் கேன்வாஸிங்' என்பது அதன் பெயர். ஆழ்ந்த உரையாடல் என்று சொல்லலாம்.

இதன் வரலாற்றில் ஒரு மோசடியும் இருக்கிறது. இந்த முறை அதிசயமாக வேலை செய்கிறது என்று 2014-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று தெரிந்ததும், 2015 மே மாதம் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. முறைகேட்டை வெளிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர்கள் புரூக்மனும் கல்லாவும். அந்த ஆய்வைத் தொடர்ந்து செய்யப் புறப்பட்டபோதுதான் அவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு சொந்தமாக நடத்திய சோதனைதான் மயாமியில் நடந்தது. சந்தேகத்தோடு போனவர்களே 'வேலை செய்கிறது' என்று சொன்னதால் அந்த முடிவுக்குக் கூடுதல் எடை.

2020-இல் அவர்கள் இன்னொரு படி போனார்கள். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள், திருநர்கள் ஆகியோர் பற்றி மூன்று களச் சோதனைகள். முழு உரையாடல் நடந்த இடங்களில் மாற்றம் மாதக்கணக்கில் நின்றது. பேசியவர்களும் கேட்டவர்களும் அனுபவங்களைப் பகிரும் பகுதியை எடுத்துவிட்டு, வாதங்களை மட்டும் வைத்துப் பேசிப் பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் அனுபவத்தைப் பரிமாறிக்கொள்வதுதான் இதில் உயிர்நாடி.

வாதம் ஏன் சறுக்குகிறது

ஒருவர் நம்மை மாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்த கணமே மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. தன் சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்று உணரும் மனிதர் எதிர்த்திசையில் இழுப்பார் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே விளக்கிவிட்டார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்பதில்லை, பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறார். கூட நாலு பேர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டுக் கூடம் பட்டிமன்ற மேடையாகிவிடும். அங்கே 'நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று சொன்னால் தோற்றதாக அர்த்தம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களில் பாதிப் பேர், தனியாக அகப்பட்டால் நான்காவது காலை ஒப்புக்கொள்ளக்கூடியவர்கள்தான்.

இங்கே பரவலான ஒரு தவறான நம்பிக்கையையும் ஒதுக்கிவிட வேண்டும். உண்மைத் தகவலைக் கொடுத்தால் எதிராளி இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்று பலர் எழுதுகிறார்கள். 2010-இல் வந்த ஒரு ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை. 2019-இல் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 தலைப்புகளில், 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது அந்த 'எதிர்விளைவு' அநேகமாக எங்கும் தென்படவில்லை. திருத்தத்தைச் சொன்னால் மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்றுக்கொண்டு, பழைய கட்சிக்கே ஓட்டும் போடுகிறார்கள். ஒரு தலைவர் சொன்ன புள்ளிவிவரம் பொய் என்று ஒப்புக்கொள்வதற்கும் அந்தத் தலைவரைக் கைவிடுவதற்கும் நடுவே வெகு தூரம். தகவல் விஷமில்லை, ஆனால் தனியாக அது அதிக தூரம் இழுத்துப் போகாது. அவ்வளவுதான்.

பேசுவதற்கு முன்

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கட்சியில் பொறுப்பில் இருப்பவர், அதை வைத்தே ஊரில் பெயர் எடுத்தவர், நாள் முழுக்க அதைப் பற்றியே பதிவு போடுபவர் ஆகியோரை விட்டுவிடலாம். அவர்கள் மாறினால் இழப்பது கருத்தை மட்டுமல்ல. கட்சிச் சார்பு இருந்தாலும் ஒன்றிரண்டு விஷயங்களில் 'ம்ம், அது கொஞ்சம் எனக்கும் உறுத்தல்தான்' என்று முனகுபவர்தான் ஏற்ற ஆள்.

இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாமவர் வந்தால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதைவிட, சேர்ந்து நடக்கும்போதும், வண்டியில் போகும்போதும், கைவேலையாக இருக்கும்போதும் இறுக்கம் குறையும். மௌனம் விழுந்தாலும் சங்கடமாக இருக்காது. 20 நிமிடமாவது தடையில்லாமல் கிடைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு இதற்கு ஆகவே ஆகாது. அங்கே எல்லாப் பேச்சும் மூன்றாமவருக்காகப் பேசப்படுவது.

பேசுபொருள் கட்சியாகவோ தலைவராகவோ இருக்கக் கூடாது. ஒரே ஒரு கொள்கை, அதுவும் மனிதர்களைத் தொடும் ஒன்று போதும். "உங்க தலைவர் ஏன் இப்படி?" என்பது அவருடைய அடையாளத்தின்மீது வைக்கும் கேள்வி. "வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களை என்ன செய்யலாம்?" என்பது அவரால் யோசிக்க முடிகிற கேள்வி. கட்சியை விடாமலே அவர் அதில் மனம் மாற முடியும்.

பேச்சின் நடு

முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்பது பழைய உத்தி. குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு பேசுவதற்காக வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, ஸ்டீஃபன் ரோல்நிக்கோடு சேர்ந்து வளர்த்த ஆலோசனை முறையிலும் இதற்கு இடமுண்டு. எண்ணைக் கேட்ட பிறகு வரும் இரண்டாவது கேள்வியில்தான் சூட்சுமம். ஒரு மருமகனும் மாமாவும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்:

"மாமா, வெளியிலேர்ந்து வேலைக்கு வர்றவங்கள நிறுத்தணும்னு சொல்றீங்கள்ல. ஒருத்தர்கூட வேண்டாம்னா பூஜ்யம், யார் வேணா வரட்டும்னா பத்து. நீங்க எங்க நிப்பீங்க?"

"ரெண்டு. சரி, மூணுன்னு வெச்சுக்கயேன்."

"ஏன் மூணு? முட்டையே போட்டிருக்கலாமே?"

"அப்படி ஒரேயடியா சொல்ல முடியாதுப்பா. சில வேலைக்கு ஆளே கிடைக்கிறதில்ல. கம்பி கட்டுற வேலைக்கு நம்ம பசங்க யாரு வர்றா?"

அந்தக் கடைசி வரியை மருமகன் சொல்லியிருந்தால் மாமா அதை மறுத்திருப்பார். தானே சொன்னதை மறுக்க மாட்டார். இதே இடத்தில் "ஏன் பத்து இல்ல?" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். திருட்டு, கூலிக் குறைவு, பாஷை தெரியாத தொல்லை என்று தன் தரப்புக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அடுக்க அடுக்க உறுதியாகியிருப்பார். ஒரே எண்தான், இரண்டு கேள்விகளும் ஒருவரை இரண்டு எதிர்த்திசைகளில் பேச வைக்கின்றன.

அடுத்தது, அவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்வது. மாமா தொடர்ந்து கூலி குறைவதைப் பற்றிப் புலம்பினார் என்று வையுங்கள். அதைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பது அல்ல. "அப்ப ஆள் வர்றதுல உங்களுக்குச் சங்கடம் இல்ல, வந்தவங்கள வெச்சு நம்ம ஆளோட கூலியக் குறைக்கிறாங்கங்கிறதுதான் கோபம். சரியா?" என்று, அவர் சொல்ல வந்ததை அவரைவிடத் தெளிவாக. "அதேதான்!" என்று அவர் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. அவசரக்காரர்கள் எல்லோரும் தாண்டிவிடும் படி இது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தால் (கூலி விஷயத்தில் இருக்கிறது) அதை முழு மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஆனா' சேர்க்காமல். "நீங்க சொல்றது சரிதான், ஆனா..." என்று ஆரம்பித்தால் முன்பாதி காதில் ஏறாது.

பிறகு கதை. கதை என்றால் ஒரே ஒரு மனிதர், ஒரு நிமிடம், நடந்தது. 'அவர்கள் எல்லாம்' என்று தொடங்கினால் அது கட்டுரை. மருமகன் சொல்லலாம்: "நாங்க இருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்துல வேலை பார்த்தார் ஒருத்தர். சாயங்காலம் ஆனா மொட்டைமாடிக்குப் போயி பொண்ணுகிட்ட வீடியோ கால் பேசுவாரு. வீட்டுப்பாடத்த வரிவரியாப் படிக்கச் சொல்லிக் கேப்பாரு. ரெண்டு வருஷமா நேர்ல பாக்கலயாம்." அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதனால் தெரிவது என்னவென்றால் என்று நீட்டக் கூடாது. அடுத்த கேள்வி: "உங்களுக்கு அப்படி யாரையாவது தெரியுமா, மாமா?"

மாமா சற்று யோசித்து, "எங்கப்பாவும் அப்படித்தான். நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வருவாரு" என்கிறார் என்று வையுங்கள். உரையாடல் திரும்பும் இடம் இதுதான். அத்தனையையும் கெடுக்கும் வாக்கியமும் இங்கேதான் நாக்கு நுனியில் நிற்கும்: "பாத்தீங்களா, அதைத்தான் நானும் சொல்றேன்!" இதைச் சொன்ன மறுகணம், மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தான் பொறியில் சிக்கியது தெரிந்துவிடும். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அதற்குப் பதிலாக, "வந்தா எத்தனை நாள் இருப்பாரு?" என்று அந்த அப்பாவைப் பற்றியே கேட்கலாம். அந்தத் தொழிலாளியையும் தன் அப்பாவையும் இணைக்கும் கோட்டை அவரே போட்டுக்கொள்ளட்டும். போடாமலும் போகலாம், பரவாயில்லை.

தகவலுக்கு இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒன்று போதும். "இது பத்தி ஒண்ணு படிச்சேன், சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னால் திணிப்பாகத் தெரியாது. எங்கே படித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மூலம் அவர் பக்கத்தினரும் மதிக்கும் ஒன்றாக இருந்தால் நல்லது. மூன்று தகவல் கொடுத்தால் அவர் அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

முடிவில் மறுபடி எண் கேட்பது வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்குச் சரி. சொந்த மாமாவிடம் கேட்டால் பரீட்சை வைத்தது போலிருக்கும். "எனக்கும் யோசிக்க நிறைய இருக்கு" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடலாம், அது உண்மையாக இருந்தால்.

எந்த மதிப்பீட்டின் மொழியில் பேசுவது

சுதந்திரம், நேர்மை, விசுவாசம், ஒழுங்கு, தூய்மை, ஏழைகள்மீது இரக்கம் ஆகிய எல்லாமே எல்லோருக்கும் மதிப்புத்தான், வரிசைதான் மாறும். மாத்யூ ஃபைன்பர்க், ராப் வில்லர் இருவரும் 2013-இல் காட்டியது இது: சுற்றுச்சூழல் பாதுகாப்பை 'தீங்கு செய்யாதே' என்ற கோணத்தில் வைத்தபோது விலகி நின்ற அமெரிக்கப் பழமைவாதிகள், அழுக்கு, மாசு, தூய்மை என்ற மொழியில் வைத்தபோது நெருங்கி வந்தார்கள். தொடர்ந்து அவர்கள் செய்த இன்னொரு ஆய்வில், எதிர்த்தரப்பை ஒப்புக்கொள்ள வைக்கும்படி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும், பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்த மதிப்பீட்டை வைத்தே வாதம் எழுதினார்கள்.

நடைமுறையில் இதன் பொருள், அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல்லைக் கவனிப்பதுதான். 'மரியாதை' என்கிறாரா, 'உழைச்சவனுக்கு' என்கிறாரா, 'கட்டுப்பாடு' என்கிறாரா? அந்தச் சொல்லிலிருந்து நம் கொள்கைக்கு நேர்மையான ஒரு வழி இருந்தால் அதில் போகலாம். நாமே நம்பாத காரணத்தை அவருக்காகத் தைத்துக் கொடுப்பது கபடம். கூட வாழ்கிறவர்கள் அதை ரொம்ப நாள் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார்கள்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

கேள்வி மாதிரி தோன்றும் குற்றச்சாட்டு முதலிடம். "அப்ப அவங்க செத்தாலும் பரவாயில்லங்கிறீங்களா?" என்பதில் கேள்விக்குறியைத் தவிர கேள்வி ஏதும் இல்லை. 'நீங்க எல்லாருமே' என்று அவரை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாக்குவது அடுத்தது. எதிர்ப்பக்கத்தில் தீவிரமானவர்கள் எவ்வளவு பேர் என்று கேட்டால் மக்கள் பெருக்கித்தான் சொல்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் இரு பெரும் கட்சியினரும், எதிர்க் கட்சியில் தீவிரக் கருத்துடையவர்கள் உண்மையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதாக எண்ணியிருந்தார்கள். ஆகவே நம் எதிரில் இருப்பவர், நாம் மனதில் வைத்துச் சண்டை போடும் ஆளாக இல்லாமலிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவர் வருடத்தையோ பெயரையோ தப்பாகச் சொன்னால் திருத்தக் கை துறுதுறுக்கும். அது மையமான விஷயம் இல்லையென்றால் விட்டுவிடலாம். "அப்ப உங்க கட்சி மட்டும் யோக்கியமா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் பாய்ந்து காக்க வேண்டாம். தப்பு என்று தெரிந்த ஒன்றைத் தப்பு என்று சொல்வது அந்த இடத்தில் பெரிய நம்பிக்கையைச் சம்பாதிக்கும். பொய்யாக ஒத்துப்போவது மட்டும் கூடாது.

"சரி, இதை நடைமுறையில எப்படிச் செய்வாங்க?" என்று படிப்படியாக விளக்கச் சொல்லும் கேள்வி ஒன்று ரொம்பப் புகழ்பெற்றது. ஒரு கொள்கை எப்படி இயங்கும் என்று விளக்கச் சொன்னால் தங்களுக்குத் தெரிந்தது குறைவு என்று உணர்ந்து மக்கள் மிதமாவார்கள் என்று 2013-இல் ஒரு ஆய்வு சொன்னது. 2021-இல் அதை அப்படியே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு, தெரிந்தது குறைவு என்ற உணர்வு வந்தாலும் மிதம் வரவில்லை. ஆளை மடக்கும் பொறியாக அதை நம்ப வேண்டாம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டால் நல்ல கேள்விதான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

வெறுமனே சுமுகமாகப் பழகினாலே போதும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-இல் எரிக் சான்டோரோவும் புரூக்மனும் எதிரெதிர்க் கட்சியினரை வீடியோவில் ஜோடி சேர்த்துப் பேச வைத்தார்கள். 'உங்களுக்குப் பிடித்த நாள் எப்படி இருக்கும்' என்று பேசியவர்களிடம் எதிர்க் கட்சியினர் மீதான வெறுப்பு நன்றாகவே குறைந்தது. மூன்று மாதத்தில் அந்த விளைவு மங்கிவிட்டது. எதிர்க் கட்சியில் தங்களுக்குப் பிடிக்காததைப் பேசியவர்களுக்கு அந்த அளவு பலனும் கிடைக்கவில்லை. சுமுகம் வாசலைத் திறக்கும், திறந்தே வைத்திருக்காது. அடிக்கடி பார்க்கிற உறவுக்குக் களத் தன்னார்வலரிடம் இல்லாத அனுகூலம் இங்கேதான். மூன்று மாதம் ஆவதற்குள் மாமாவை இன்னும் பத்து முறை பார்க்கலாம்.

பத்து முறையும் அரசியல் பேச வேண்டும் என்பதில்லை. பேசாத எட்டு முறைதான் பேசும் இரண்டு முறைக்குப் பலம். குரல் உயர்ந்தால், ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொன்னால், போனை எடுத்து ஏதோ வீடியோவைத் தேட ஆரம்பித்தால், அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பொறுமையை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம் என்பதையும் சொல்ல வேண்டும். யாருடைய வாழ்வும் மானமும் பேசுபொருளோ, அவர்களே உட்கார்ந்து தங்களை வெறுப்பவரிடம் 'ஏன் மூணு?' என்று கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. மயாமி ஆய்வில் திருநர்களும் பேசப் போனார்கள், மற்றவர்களும் போனார்கள். இரு தரப்பினர் பேசியதும் பலித்தது. அந்த மாமாவுக்கு அந்தத் தொழிலாளியே வந்து பேச வேண்டியதில்லை, மருமகன் பேசினால் போதும். அடுத்த முறை பார்க்கும்போது "அன்னைக்குச் சொன்னேனே, யோசிச்சீங்களா?" என்று அவன் கேட்காமல் இருக்க வேண்டும். மாமாவே பேச்சை எடுத்தால் பேசலாம்.